ஆத்தங்குடிக் கல் பாக்கி நின்றால், வழக்குக்கு முன் சமரசம்

காரைக்குடியில் பழைய வீட்டை ஓட்டலாக மாற்றுபவர் ஆத்தங்குடிக் கல் வாங்கித் தரையில் பதிக்கிறார். நிறம் சேரவில்லை என்று 4 லட்சம் ரூபாய் பாக்கியை நிறுத்துகிறார். தொகை 3 லட்சத்துக்குக் குறையாத வணிகத் தகராறு என்பதால் கல் விற்றவர் நேராக வழக்குப் போட முடியாது. அவசர இடைக்கால உத்தரவு தேவைப்பட்டால் தவிர, வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ பிரிவின்படி முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். அப்படிப் போகாத வழக்கு தள்ளுபடியாகும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் உறுதி செய்தது.

சிவகங்கை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கான விண்ணப்பமான படிவம் 1-ஐ 1,000 ரூபாய் கட்டணத்தோடு கொடுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். இரண்டாம் நோட்டீசுக்கும் வராவிட்டால், சமரசம் தொடங்கவில்லை என்று அறிக்கை தருவார்கள். அதை வைத்து வழக்குத் தொடரலாம். வந்தால், 3 முதல் 10 லட்சம் வரையிலான தகராறுக்குச் சமரசர் கட்டணம் 15,000, ஆளுக்குப் பாதி. மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும், இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். இந்தக் காலம் வழக்குத் தொடரும் கெடுவில் சேராது.

பேச்சு பெரும்பாலும் முறிவது தரத்தில்தான். கண்ணாடி மேல் கையால் சாயம் ஊற்றிச் செய்யும் கல்லில் ஒவ்வொரு வார்ப்புக்கும் நிறம் கொஞ்சம் மாறும்; அது கல்லின் இயல்பு. தரையடி ஈரத்தால் உப்புப் பூத்தால் அது பதித்ததில் உள்ள கோளாறாகவும் இருக்கலாம். ஆகவே ஆர்டர் சீட்டு, டெலிவரி சலான், ஜிஎஸ்டி பில், வாட்ஸ்அப் செய்திகளோடு மாதிரிக் கல்லையும் எடுத்துப் போங்கள். இரு தரப்பும் ஒரு கொத்தனாரோடு தரையைப் பார்த்த பிறகே தொகையைப் பேசுங்கள். கூடம் மட்டுமே தகராறு என்றால் மற்ற அறைகளின் பாக்கியைத் தனியே பிரித்து முதலில் வாங்கிவிடலாம்.

சமரசர் தனித்தனியாகவும் பேசுவார். எதை எதிர்த்தரப்பிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அங்கே பேசியதை நீதிமன்றத்தில் ஆதாரமாக்க முடியாது.

செட்டிநாட்டு வீடுகளில் பங்காளிகள் பலர் என்பதை மறக்கவே கூடாது. ஆர்டர் கொடுத்தவர் குத்தகைதாரரா, பங்காளிகளில் ஒருவரா என்று முதலிலேயே பாருங்கள். அதிகாரம் இல்லாதவர் போட்ட கையெழுத்து பிறகு பிரச்சினையாகும். பவர் பத்திரமோ அதிகாரக் கடிதமோ கேட்டு வாங்குங்கள்.

உடன்படிக்கையில் “சீக்கிரம் தருவேன்” என்ற பேச்சே வேண்டாம். எத்தனை கல் மாற்றுவது, கொத்தனார் கூலி யாருடையது, எந்தத் தேதியில் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் என்ன வட்டியோடு என்பது வரை எழுதுங்கள். இரு தரப்பும் சமரசரும் கையெழுத்திட்டால் அதற்கு நடுவர் தீர்ப்பின் பலம் உண்டு. பணம் வராவிட்டால் புது வழக்கு இல்லாமல் நிறைவேற்று மனு போடலாம். பின்தேதியிட்ட காசோலை வாங்கினால் அதன் எண்ணும் தேதியும் உடன்படிக்கையில் இருக்கட்டும்.