மூன்று வருடம் படித்தும் ஆங்கிலக் கட்டுரை ஏன் புரிவதில்லை? சீன மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவ் வழக்கமாக ஜூன் 7-ஆம் தேதி தொடங்குகிறது. ஆங்கிலத் தேர்வு மறுநாள் பிற்பகல். மொத்தம் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. சீன மொழிக்கும் கணிதத்துக்கும் அதே 150தான். ஹூபெய், ஹூனான், ஜியாங்சு போன்ற மாகாணங்களின் மாணவர்கள் எழுதும் தேசியத் தாளில் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 50 மதிப்பெண். நான்கு கட்டுரைகள், 15 கேள்விகள், கேள்விக்கு 2.5 மதிப்பெண். அப்புறம் ஐந்து வாக்கியங்கள் எடுக்கப்பட்ட ஒரு கட்டுரையைக் கொடுத்து, ஏழு வாக்கியங்களிலிருந்து பொருத்தமான ஐந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதோடு முடியவில்லை. கோடிட்ட இடம் நிரப்புவது, பாதியில் நிற்கும் கதையைப் படித்துவிட்டுத் தொடர்ந்து எழுதும் 25 மதிப்பெண் கேள்வி எல்லாமே வாசித்துப் புரிந்தால்தான் கைகூடும்.

அந்த மாணவர்கள் உழைக்காதவர்கள் இல்லை. காலை வகுப்புக்கு முன்பே சத்தம் போட்டு வாசிக்கிறார்கள், இரவும் பள்ளியிலேயே உட்கார்ந்து படிக்கிறார்கள். அப்படியும் நிறையப் பேருக்கு வாசிப்பு மதிப்பெண் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. உழைப்பில் பெரும்பகுதி வாசிப்பை வளர்க்காத வேலைகளுக்குப் போய்விடுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதே வாசிப்பு என்று நம்புவது

காவ்காவுக்குத் தயாராகும் மாணவர்களின் பையில் ‘3500 சொற்கள்’ கையேடு ஏதாவது ஒன்று இருக்கும். அகர வரிசைப்படி அமைந்த கையேடுகளில் முதல் பக்கத்திலேயே வருவது ‘அபண்டன்’, அதாவது கைவிடு. சொல், பக்கத்தில் சீனப் பொருள், அடுத்த சொல் என்று போய்க்கொண்டே இருக்கும்.

சொல் தெரியாமல் வாசிக்க முடியாது, உண்மைதான். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனதில் பதிந்துவிடுவதுதான் ஆபத்து. ‘அட்ரஸ்’ என்றால் முகவரி என்று படித்த மாணவர், ஒரு பிரச்சினையை ‘அட்ரஸ்’ செய்கிறார்கள் என்ற வாக்கியத்தைப் பார்க்கும்போதும் முகவரியைத்தான் நினைக்கிறார். ‘ஃபைன்’ என்பது நலம் மட்டுமில்லை, அபராதமும்கூட. தெரியாத சொல் என்றால் மாணவர் நின்று யோசிப்பார். தெரிந்த சொல் என்பதால் சந்தேகமே வராமல் கடந்துவிடுகிறார், வாக்கியம் மொத்தமும் தடம் மாறிவிடுகிறது. சீன ஆசிரியர்கள் இந்த வகைச் சொற்களுக்கென்றே ‘தெரிந்த சொல், புதுப் பொருள்’ என்று தனித் தலைப்பு வைத்துச் சொல்லித் தருகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள கடினமான சொல் கட்டுரையில் வந்தால், அதன் சீனப் பொருளைப் பல இடங்களில் கேள்வித்தாளே அடைப்புக்குறிக்குள் கொடுத்துவிடுகிறது. எனவே அரிய சொற்களைத் தேடிப் போகத் தேவையில்லை. சாதாரணச் சொற்கள் எந்தெந்த வாக்கியத்தில் எப்படியெல்லாம் புழங்குகின்றன என்று பார்ப்பதுதான் பலன் தரும். குறிப்பேட்டில் சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தையும் முழுதாக எழுதிவைக்க வேண்டும்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் சீனத்துக்கு மாற்றுவது

இந்தத் தவறு தமிழ் வாசகர்களுக்கு நன்றாகவே புரியும். ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்று நாம் சொல்வதைச் சீனர்களும் இதே வரிசையில்தான் சொல்கிறார்கள்: வோ (நான்) சுவோதியென் (நேற்று) மாய் த (வாங்கிய) ஷு (புத்தகம்). வருணனை முழுக்க முன்னால் வரும், பெயர்ச்சொல் கடைசியில் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் இது தலைகீழ். புத்தகம் முதலில் வந்துவிடும். நான் வாங்கினேன், நேற்று என்பதெல்லாம் அதன் பின்னால் வரும்.

அதனால் சீன மாணவர் ஒரு நீண்ட வாக்கியத்தைப் பார்த்ததும் முற்றுப்புள்ளி வரை ஓடி, அங்கிருந்து பின்னோக்கி வந்து, துண்டுகளைச் சீன வரிசையில் அடுக்கி, பிறகுதான் புரிந்துகொள்கிறார். நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் இதையேதான் செய்கிறார்கள். ஒரு வாக்கியத்தில் இரண்டு மூன்று துணைவாக்கியங்கள் இருந்தால் கண் முன்னும் பின்னும் அலைகிறது. பாதியில் தொடக்கம் மறந்துபோகிறது. நேரமும் போய்விடுகிறது. 120 நிமிடத் தேர்வில் கேட்டல் பகுதிக்குச் சுமார் 20 நிமிடம், எழுதும் கேள்விகளுக்கு 40, 45 நிமிடம், மீதியிலும் ஒரு பங்கு கோடிட்ட இடம் நிரப்புவதற்குப் போனால், வாசிப்புப் பகுதிக்கு மிஞ்சுவது 35 நிமிடம்போலத்தான். பின்னோக்கி வாசிப்பவருக்கு அது போதவே போதாது.

மாற்று வழி, வந்த வரிசையிலேயே துண்டு துண்டாக வாங்கிக்கொள்வது. ஓர் உதாரணம்: ‘அந்த விஞ்ஞானி கட்டினார் / ஒரு தொட்டி / அது சுத்தம் செய்யும் / கழிவுநீரை / செடிகளையும் மீன்களையும் வைத்து’. தமிழில் இது விகாரமாகத் தெரியும், சீனத்திலும் அப்படித்தான். ஆனால் ஆங்கிலம் இப்படித்தான் தகவலைத் தருகிறது. முதலில் யார், என்ன செய்தார் என்பதைப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை வரவரச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். தொடக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுத் துண்டுகளைப் பிரித்து வாசிக்கலாம். சில வாரங்களில் கண்ணே அதைச் செய்யப் பழகிவிடும்.

சின்னச் சொற்களைத் தாண்டிப் போவது

சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறுவதில்லை. நேற்று, ஏற்கெனவே போன்ற சொற்களும் சில துணைச்சொற்களும்தான் காலத்தைக் காட்டும். அதனால் ஆங்கில வினையின் வடிவம் ஏதோ சொல்கிறது என்பதே வாசிக்கும்போது பலருக்கு உறைப்பதில்லை. இத்தனைக்கும் இலக்கணப் பகுதியில் அதே வடிவங்களைச் சரியாக நிரப்புவார்கள். ஒரு கட்டுரை ‘இப்படி நம்பப்பட்டு வந்தது’ என்று இறந்தகாலத்தில் ஆரம்பித்தால், அந்த நம்பிக்கை சீக்கிரமே மறுக்கப்படலாம் என்று அர்த்தம். ‘மே’, ‘மைட்’ என்று வந்தால் ஆசிரியர் உறுதியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். விடைகளில் ஒன்று ‘எப்போதும்’, ‘எல்லோரும்’ என்று அடித்துச் சொன்னால், கட்டுரை அவ்வளவு உறுதியாகச் சொன்னதா என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் 2023-ஆம் ஆண்டின் காவ்காவில் ‘புதிய பாடத்திட்டம் 1’ எனப்படும் தேசியத் தாளின் நான்காவது வாசிப்புக் கட்டுரை. 1907-இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் கால்டன் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து அது ஆரம்பிக்கிறது. நிறையப் பேர் தனித்தனியாக மதிப்பிட்டால், அந்த மதிப்பீடுகளின் சராசரி வியக்கத்தக்க அளவு துல்லியமாக இருக்கக்கூடும். சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் குறைத்துச் சொல்வார்கள், தவறுகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் ஒருவரையொருவர் பார்த்துச் சொன்னால் தவறுகள் ஒரே பக்கம் சாய்ந்துவிடும், துல்லியம் குறையும். இரண்டாம் பத்தி முடியும் வரை செய்தி இதுதான்.

மூன்றாம் பத்தி ‘பட்’ என்று ஆரம்பிக்கிறது. சின்னக் குழுக்களாகப் பிரித்துக் கலந்து பேசவிட்டால், அந்தக் குழுக்களின் சராசரி தனியாக மதிப்பிட்டவர்களின் சராசரியைவிடத் துல்லியமாக இருந்தது என்கிறது ஒரு புதிய ஆய்வு. கட்டுரை எழுதப்பட்டதே இதற்காகத்தான். எப்படிப்பட்ட நிலையில்கூடத் துல்லியம் கூடலாம் என்று அந்த ஆய்வு கண்டது என்பது ஒரு கேள்வி. மதிப்பீடுகள் முழுக்கத் தனித்தனியானவையாக இல்லாதபோதும் என்பது விடை. முதல் பாதியை மட்டும் மனதில் வைத்திருப்பவருக்கு இது தவறாகவே தோன்றும். ‘கூட்டம் சிறியதாக இருந்தாலும்’ என்ற விடை அவர் கண்ணை இழுக்கும், ஏனென்றால் சின்னக் குழுக்கள் என்று கட்டுரையில் படித்திருக்கிறார். இரண்டாம் பத்தியையும் மூன்றாம் பத்தியையும் சேர்த்துப் பார்த்தவருக்குத்தான் சரியான விடை தெரியும்.

‘பட்’, ‘ஹவெவர்’, ‘யெட்’ எங்கே வந்தாலும் வட்டம் போடுவது நல்ல பழக்கம். வட்டம் போட்டதோடு விடாமல், முன்னால் என்ன சொன்னார், இப்போது எதை மாற்றுகிறார் என்று ஓரத்தில் தாய்மொழியில் நாலு சொல் எழுதிப் பார்த்தால் இன்னும் நல்லது.

கட்டுரையில் உள்ள சொல் விடையிலும் இருக்கிறதா என்று தேடுவது

தவறான விடைகளை உருவாக்கும் விதங்களுக்குச் சீன வகுப்பறைகளில் நிலையான பெயர்கள் உண்டு. இல்லாததை உண்டாக்குவது. ஒரு பகுதியை முழுமையாகக் காட்டுவது. ஒரு கருத்தைச் சத்தமில்லாமல் இன்னொன்றாக மாற்றுவது. அப்புறம் ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைப்பது, அதாவது ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாகக் காட்டுவது. சரியான விடை பெரும்பாலும் கட்டுரையின் கருத்தை வேறு சொற்களில் சொல்லும். தவறான விடைதான் கட்டுரையின் சொற்களை அப்படியே தூக்கிவைத்துக்கொண்டு நிற்கும்.

மாணவர்கள் இந்தப் பெயர்களை ஒப்பிப்பார்கள். ஆனால் கேள்வியைப் படித்ததும், விடைகளைப் பார்க்குமுன் தாமே ஒரு பதில் சொல்லிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லை. அதைச் செய்தாலே பாதிப் பொறி கழன்றுவிடும்.

பழைய தாள்களைத் தீர்ப்பதை வாசிப்பாக எடுத்துக்கொள்வது

எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுவது இதுதான். ‘ஷுவா தி’ என்று சொல்வார்கள், கேள்விகளை வரிசையாகப் போட்டுத் தள்ளுவது. ஒரு தாள் முடிந்ததும் அடுத்த தாள். மூன்று வருட மேல்நிலைப் படிப்பின் கடைசி ஆண்டு கிட்டத்தட்ட இதிலேயே கழிகிறது. தேர்வின் அமைப்பைப் பழகிக்கொள்ள இது தேவைதான். ஆனால் ஒரு தாளில் வாசிக்கும் நான்கு கட்டுரைகளையும் கூட்டினால் ஆயிரத்துச் சொச்சம் சொற்கள்தான். அதற்குள் 15 முறை நின்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு கதையிலோ வாதத்திலோ மூழ்கி, அடுத்தது என்ன என்று பக்கம் திருப்பும் அனுபவமே கிடைப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எளிய ஆங்கிலப் புத்தகத்தை நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தில் தினம் 20 நிமிடம் வாசித்தால் ஒரு நாளைக்கு 2,000 சொற்கள், மாதத்துக்கு 60,000. தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்த அளவை எட்டவே முடியாது.

எந்தப் புத்தகம் என்பதிலும் தவறு நடக்கிறது. ஆங்கில மூலத்திலேயே பெரிய நாவலைப் படிக்கிறேன் என்று ஆரம்பித்து மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உதவியின்றி ஒரு நூலை நன்றாகப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, பால் நேஷன் இருவரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதாவது 50 சொற்களுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். 250 சொல் கொண்ட பக்கத்தில் ஐந்துக்கு மேல் தெரியவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு வைத்துவிடலாம். சீனப் புத்தகக் கடைகளில் ‘ஷு சோங்’, அதாவது புத்தகப் புழு என்ற பெயரில் படிநிலை வாரியாகக் கதைப் புத்தகங்கள் கிடைக்கின்றன. அவை சீன மொழிபெயர்ப்போடு வருபவை. மொழிபெயர்ப்பு உள்ள பக்கங்களைப் பார்க்காமல் படிக்க வேண்டும், அவ்வளவுதான். சைனா டெய்லி நிறுவனம் மாணவர்களுக்காக நடத்தும் ‘21ஸ்ட் செஞ்சுரி’ வார இதழும் இருக்கிறது. இதில் உள்ளவை செய்திகளும் அறிவியலும் என்பதால் தேர்வின் கடைசி இரண்டு கட்டுரைகளுக்கு நேரடிப் பயிற்சியாகும்.

வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதிச் செயலியைத் திறப்பதையும் விட வேண்டும். ஒரு பத்தி முடியும் வரை பொறுத்து, அப்போதும் அர்த்தம் பிடிபடாவிட்டால் மட்டும் பார்த்தால் போதும்.

தவறுகள் நோட்டில் விடையை மட்டும் எழுதுவது

‘சுவோ தி பென்’ எனப்படும் தவறுகள் நோட்டு சீன மாணவர்கள் பலரிடமும் இருக்கும். கணிதத்துக்கு அருமையாகப் பயன்படும் இந்த முறை ஆங்கில வாசிப்பில் வீணாகிறது. கேள்வியை வெட்டி ஒட்டி, சிவப்பு மையில் ‘பி இல்லை, டி’ என்று எழுதிவைப்பதால் என்ன பயன்? அதே கேள்வி மறுபடி வரப்போவதில்லை.

எழுத வேண்டியது மூன்று: சரியான விடைக்கு ஆதாரமான வரி எது, அது விடையில் எந்தச் சொற்களாக மாறியிருக்கிறது, நான் தேர்ந்தெடுத்த விடை என்னை எப்படி ஏமாற்றியது. இப்படி இருபது முப்பது கேள்விகள் சேர்ந்ததும் நோட்டை ஒருமுறை புரட்டினால், தவறுகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துவிடும். ஒருவர் ‘பட்’ வரும் இடங்களில் தடுக்கியிருப்பார், இன்னொருவர் நீண்ட வாக்கியங்களில். வேறொருவர் தெரிந்த சொல்லைத் தப்பாக எடுத்திருப்பார். அடுத்த மாதம் எதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும் என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.