17-ஆம் ஸ்லாட்டிலும் பேசிப் பாருங்கள்

ஜார்ஜ்டவுனில் தலைமை அலுவலகம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் தொழிற்சாலை. இரண்டிலும் ஒவ்வொரு தொலைபேசி சுவிட்ச், நடுவே ஓர் ஈ-ஒன் டிரங்க், அதாவது ஒரே நேரத்தில் 30 பேச்சைச் சுமக்கும் டிஜிட்டல் இணைப்பு. பினாங்கில் நான் அதிகம் செய்த வேலை இதுதான். ஒரு முனையில் நான் இருப்பேன். மறுமுனையில் கைப்பேசியும் கையுமாக ஒரு தம்பி.

முதலில் கேபிள். பிஎன்சி சாக்கெட் என்றால் 75 ஓம், ஆர்ஜே-45 என்றால் 120 ஓம். இரண்டும் கலந்திருந்தால் நடுவே பாலுன் (75-ஐயும் 120-ஐயும் பொருத்தும் சின்ன மாற்றி) வேண்டும். ஆர்ஜே-45இல் 1, 2 ஒரு ஜோடி. 4, 5 இன்னொரு ஜோடி. எத்தர்நெட் கிராஸ் கேபிள் ஆகாது, அது 3, 6-க்குப் போய்விடும். சிவப்பு விளக்கு அணையவில்லையா? அனுப்பும் ஜோடியையும் வாங்கும் ஜோடியையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் இரு பக்கமும் லைன் கோடிங்கை எச்டிபி-3, பிழை சோதனையை சிஆர்சி-4 என்று ஒன்றுபோல வையுங்கள். டிரங்கை நேரத்தால் பிரித்த துண்டுதான் டைம்ஸ்லாட். சிக்னலிங், அதாவது யார் யாரை அழைக்கிறார் என்ற தகவல், 16-ஆம் டைம்ஸ்லாட்டில் போகும். அந்தச் சிக்னலிங் பிஆர்ஐ முறை என்றால் ஒரு பக்கம் நெட்வொர்க், மறுபக்கம் யூசர்.

கிளாக்கில்தான், அதாவது சுவிட்ச் பிட்களை அனுப்பும் தாளத்தில்தான், நான் பட்டிருக்கிறேன். ஒருமுறை இரண்டு சுவிட்சையும் இன்டர்னல் கிளாக்கில் விட்டுவிட்டேன். பேச்சு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் பிறை ஸ்டோரிலிருந்து வரும் ஃபேக்ஸ் பாதிப் பக்கத்திலேயே நின்றது. இரண்டு நாள் ஃபேக்ஸ் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தோம். தாளம் தவறிய தடவைகளை எண்ணும் ஸ்லிப் கவுன்டரைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இரு கிளாக்கும் பத்து லட்சத்தில் 10 பங்கு விலகினாலே போதும், 12.5 விநாடிக்கு ஒரு ஃபிரேம் தொலையும் அல்லது இரட்டிக்கும். ஒரு ஃபிரேம், அதாவது எல்லா ஸ்லாட்டும் வரும் ஒரு சுற்று, 125 மைக்ரோ விநாடிதான். காதுக்குச் சின்ன 'டிக்', ஃபேக்ஸுக்கு மரணம். ஆகவே டெலிகோம் லைன் வந்து சேரும் சுவிட்ச் அந்த லைனிலிருந்து கிளாக் எடுக்கட்டும். மற்றது டிரங்கிலிருந்து எடுக்கட்டும்.

எல்லாம் பச்சை, போன் பேசியாயிற்று, சரி கிளம்பலாம் என்று தோன்றும். கிளம்பாதீர்கள். சில சுவிட்ச் குரல் சேனல்களை 1 முதல் 30 வரை தொடர்ச்சியாக எண்ணும். சில, சிக்னலிங் போகும் 16-ஐ மட்டும் விட்டுவிட்டு 31 வரை எண்ணும். இரண்டு முனையும் வேறுபட்டால் முதல் 15 சேனலில் ஒரு குறையும் தெரியாது. திங்கட்கிழமை காலை எல்லாரும் ஒரே நேரத்தில் போன் எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அதனால் இரு பக்கமும் 1 முதல் 15 வரை பூட்டிவிட்டு ஒரு கால் போடுங்கள். அப்படிப் போட்ட ஒரு நாள் தம்பி கைப்பேசியில் சொன்னான்: "அண்ணே, ரிங் வருது, எடுத்தா சத்தமே இல்ல லா." இரு பக்கமும் சேனல் எண் 17தான். ஆனால் நான் அனுப்பியது 18-ஆம் ஸ்லாட்டில், அவன் சுவிட்ச் கேட்டுக்கொண்டிருந்தது 17-இல். எண்ணும் முறையை ஒன்றாக்கியதும் குரல் வந்தது.

சேனல் தேடும் வரிசையையும் எதிரெதிராக வையுங்கள். ஒரு பக்கம் கீழிருந்து மேலே, மறுபக்கம் மேலிருந்து கீழே. இல்லாவிட்டால் இருவரும் ஒரே சேனலைப் பிடித்து மோதிக்கொள்வார்கள்.

கடைசியாக, 1 முதல் 15 வரை போட்ட பூட்டை எடுத்துவிட்டு சேமியுங்கள். நான் ஒருமுறை எடுக்க மறந்து, மாலை நெரிசலில் பாலத்தை மறுபடி கடந்து போனேன்.