பிக்கப் டிரக்கில் கியர்பாக்ஸ் கூலர் லைன் ஒழுகல்: செய்யக் கூடாத தவறுகள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள பிக்கப்பில், கியர்பாக்ஸிலிருந்து முன்னாலுள்ள ரேடியேட்டர் வரை இரண்டு மெல்லிய குழாய்கள் ஓடும். ஒன்றில் சூடான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான சிவப்பு ஆயில்) போகும், மற்றதில் ஆறித் திரும்பும். இதைத் தள்ளுவது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பம்ப். இன்ஜின் ஐடிலில் நிற்கும்போதே பல வண்டிகளில் 20, 30 நொடிக்குள் ஒரு லிட்டர் அளவுக்கு ஆயில் இந்தக் குழாய் வழியாகச் சுற்றிவிடும். அதனால், இன்று சொட்டுச் சொட்டாக ஒழுகும் லைன் நாளை பாரம் ஏற்றி மேடு ஏறும்போது விட்டுப்போனால், ஓரிரு நிமிடத்தில் பம்ப் காற்றை இழுக்க ஆரம்பிக்கும். அழுத்தம் விழுந்ததும் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கிக் கருகும். சில அடி நீளக் குழாயோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கியர்பாக்ஸை இறக்கிப் பிரிப்பதில் போய் நிற்கும். ‘கொஞ்சமாத்தானே ஒழுகுது, அப்பப்ப ஊத்திக்கலாம்’ என்ற எண்ணத்தை முதலில் விடவேண்டும். ஒழுகும் ஏடிஎஃப் சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

சொட்டும் இடத்தையே கசிவு என்று நம்புவது

ஓடும் வண்டிக்கு அடியில் காற்று பின்னோக்கி அடிக்கிறது. ரேடியேட்டர் பக்கம் கசிந்த ஆயில் லைனைப் பிடித்தபடியே பின்னால் வந்து கியர்பாக்ஸின் அடித்தட்டான பானின் விளிம்பில் சொட்டும். பான் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு, மறுநாளும் அதே இடத்தில் கறையைப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

முதலில் டிகிரீசர் போட்டு லைன் முழுவதையும் கழுவித் துடையுங்கள். பிறகு வண்டியை 15, 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் ஸ்டாண்டில் ஏற்றி, கீழே வெள்ளை அட்டையை விரித்துப் பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஈரம் தொடங்கும் மிக உயரமான, மிக முன்னாலுள்ள புள்ளிதான் நீங்கள் தேடும் இடம். சூடாக்குவதற்குக் காரணம் உண்டு: புதிய வண்டிகள் பலவற்றில் கூலர் லைனில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறது. ஆயில் சூடாகும்வரை அது கூலர் பக்கம் முழு ஓட்டத்தை விடாது. குளிர்ந்த வண்டியைப் பார்த்துவிட்டு ‘லைனில் ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். அப்படியும் பிடிபடவில்லை என்றால், ஏடிஎஃப்புக்கான யுவி சாயம் கலந்து, அதற்குரிய விளக்கில் பார்க்கலாம்.

ரப்பர் ஹோஸை உலோகக் குழாயோடு நெரித்துப் பிடித்திருக்கும் கிரிம்ப் வளையம், துரு ஒளிந்திருக்கும் கிளிப்புகளின் அடிப்பாகம், ரேடியேட்டரில் செருகும் குவிக்-கனெக்ட் இணைப்பு ஆகிய மூன்று இடங்களைக் கண்டிப்பாகப் பாருங்கள். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பவர் ஸ்டீயரிங்கிலும் பல வண்டிகளில் ஏடிஎஃப்தான் ஓடுகிறது.

கையில் கிடைத்த ஹோஸைப் போடுவது

அதிகம் நடக்கும் தவறு இது. பெட்ரோல் ஹோஸின் உள்விட்டம் பொருந்தும், கிளாம்ப்பும் பிடிக்கும், அன்று ஒழுகவும் ஒழுகாது. ஆனால் சாதாரண பெட்ரோல் ஹோஸ் இந்தச் சூட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் ஆயில் பாரம் இழுக்கும்போது 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் ரப்பர் இறுகி, கிளாம்ப்புக்கு அடியில் வெடிப்பு விடும். ஹோஸின் மேல் ‘எஸ்ஏஈ ஜே1532’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்கான தரம். ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸ்கள் தண்ணீருக்கானவை. ஆயில் பட்டால் ஊறிப் பஞ்சாகிவிடும்.

சரியான ஹோஸ் வாங்கியும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. வெட்டிய உலோகக் குழாயின் வழவழப்பான முனையில் ஹோஸை அப்படியே செருகிக் கிளாம்ப்பை இறுக்குவார்கள். அழுத்தம் ஏறும் ஒரு நாளில் அது நழுவி முழுதாகக் கழன்றுவிடும். குழாய் முனையில் சிறு புடைப்பு வளையம் இருக்க வேண்டும். குழாய் முனையை விரித்து மடிக்கும் இரட்டை ஃபிளேர் கருவியில் முதல் அழுத்தத்தோடு நிறுத்தினால் அந்தப் புடைப்பு கிடைக்கும். ஹோஸ் அந்தப் புடைப்பைத் தாண்டி ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் உள்ளே போகட்டும். கிளாம்ப் புடைப்புக்குப் பின்னால் உட்காரட்டும். துளை போட்ட பட்டை கிளாம்ப், இறுக்கும்போது ரப்பரை வெட்டும்; விளிம்பு மடித்த ஃபியூயல் இன்ஜெக்ஷன் கிளாம்ப் நல்லது. இன்ஜின் முறுக்கும்போது அசையும், ஆகவே ஹோஸை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள். சைலன்சர் குழாய்க்கு அருகில் ரப்பர் வரவே கூடாது. அங்கே உலோகக் குழாய்தான்.

கிரிம்ப்பில் ஒழுகினால் அந்த வளையத்தின் மேலேயே கிளாம்ப் போட்டு இறுக்குவது வீண் வேலை. லைனை முழுதாக மாற்றுவதே சரி.

குழாயிலும் ஃபிட்டிங்கிலும்

உலோகக் குழாயை மாற்றும்போது வளைக்க எளிது என்று தனிச் செம்புக் குழாயைப் போடுகிறார்கள். அதிர்வில் செம்பு இறுகிப்போய் வெடிக்கும். கையால் ஓரளவு வளைகிற, துருப்பிடிக்காத நிக்கல்-காப்பர் குழாய் கிடைக்கிறது. பழைய லைனின் அதே வெளிவிட்டத்தில் வாங்குங்கள். 5/16 அங்குலமும் 3/8 அங்குலமும் பரவலான அளவுகள். நெளிந்து மடங்கிய இடம் ஒன்று இருந்தாலே ஓட்டம் குறைந்து கியர்பாக்ஸ் சூடேறும், எனவே வளைப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஃபிளேர் போடுமுன் கோணத்தையும் பாருங்கள்: 45 டிகிரி இருக்கையில் 37 டிகிரி ஃபிளேர் என்ன இறுக்கினாலும் அடைக்காது.

ஃபிளேர் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றுவது கெடுதல் மட்டுமே செய்யும். அங்கே அடைப்பது மரை அல்ல, உலோக முகங்கள். கிழிந்த டேப் துணுக்கு ஆயிலோடு போய், கியர் மாற்றத்தை இயக்கும் வால்வு பாடியில் சிக்கினால் கியர் மாற்றமே கெடும்.

ரேடியேட்டர் பக்க நட்டைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும். அடாப்டரை ஒன்றால் பிடித்துக்கொண்டு, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் லைன் ஸ்பேனரால் அதைத் திருப்புங்கள். ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் அடாப்டரும் சேர்ந்து திரும்பி, ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரையே கிழித்துவிடும். திரும்ப மாட்டும்போது முதல் மூன்று நான்கு மரை விரலாலேயே ஏறட்டும். கியர்பாக்ஸ் அலுமினியம், தப்பான மரையில் ஏறினால் போனதுதான்.

குவிக்-கனெக்டில் பழைய கம்பி கிளிப்பை மறுபடி போடாதீர்கள். புதியதைப் போட்டு, ‘டக்’ சத்தம் வரும்வரை தள்ளி, பிறகு பின்னால் இழுத்துப் பாருங்கள். பாதி மாட்டிய லைன் ஷெட்டில் ஒழுகாது, சாலையில் கழலும்.

லீக் ஸ்டாப் திரவம் ரப்பர் சீலைச் சற்று ஊதவைக்கும், அவ்வளவே. துருவில் விழுந்த ஓட்டையை அது அடைக்காது. இரண்டு லைனையும் ஒன்றோடொன்று இணைத்துக் கூலரை விலக்கிவிட்டு ஓட்டுவதும் வேண்டாம். சில கிலோமீட்டர் வெறும் வண்டியாக நகர்த்தலாம், பாரத்தோடு ஓடினால் சூட்டில் ஆயில் கருகும்.

ஆயில் ஊற்றும்போது

டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி, மெர்கான் யுஎல்வி, ஏடிஎஃப்+4 எல்லாம் வெவ்வேறு ஆயில்கள். பெயர் ஒத்திருக்கிறது என்று யுஎல்வி கேட்கும் கியர்பாக்ஸில் எல்வி ஊற்றக் கூடாது. கையேட்டில் எழுதியிருப்பதை மட்டும் ஊற்றுங்கள். பல பிக்கப்புகளில் ஆயில் சூடாக, இன்ஜின் ஓட, பார்க்கில் வைத்து அளவு பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாதவற்றில் குறிப்பிட்ட வெப்பநிலையில் பக்கவாட்டு பிளக்கைத் திறந்து பார்ப்பார்கள். அதற்கு ஸ்கேனர் வேண்டும். அரை லிட்டராக ஊற்றிப் பாருங்கள். அதிகமானால் உள்ளே நுரைத்து, காற்றுத் துளையான பிரீத்தர் வழியாக வெளியே தள்ளும். லைன் இன்னும் ஒழுகுகிறது என்று அதையும் தவறாக நினைத்துவிடுவோம்.

டிப்ஸ்டிக்கில் ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் போல இளஞ்சிவப்பில் கலங்கியிருந்தால் கதையே வேறு. ரேடியேட்டருக்குள் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போயிருக்கிறது. 2005 முதல் 2010 வரையிலான நிஸான் ஃபிரான்டியரில் இது பேர்போன பிரச்சினை. கூலன்ட் கிளட்ச் பிளேட்டின் பசையைக் கரைக்கும், ஆகவே அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள். ரேடியேட்டரை மாற்றினால் மட்டும் போதாது, கியர்பாக்ஸையும் லைனையும் முழுதாகக் கழுவ வேண்டும்.

வேலை முடிந்ததும் ஐடிலில் 10 நிமிடம் விட்டுப் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு நாள் பாரத்தோடு ஓட்டிவிட்டு, ஆறிய பிறகு கிளாம்ப்புகளை மறுபடி இறுக்கி, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு படிந்தால் அந்த இணைப்பைக் கழற்றித் திரும்பச் செய்ய வேண்டும்.