ஒரு குருவானவர், மூன்று சபைகள்: பங்கு போடும்போது நடக்கும் தவறுகள்

அமெரிக்கா போய் எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் (அங்குள்ள ஆங்கிலிக்கன் சபை) சேரும் நம்மூர் சி.எஸ்.ஐ. ஆட்கள் பலர், கொஞ்ச காலத்திலேயே வெஸ்ட்ரியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில், உட்கார்ந்துவிடுகிறார்கள். ஊர்ப் பழக்கம் காலை வாருவது அங்கேதான். திருநெல்வேலித் திருமண்டலத்தில் ஒரு சேகரத்துக்குள் பல சபைகள் இருக்கும். ஆயரைத் திருமண்டலம் அனுப்பும், சம்பளமும் அங்கிருந்தே வரும். அமெரிக்காவில் ஒவ்வொரு பாரிஷும் (உள்ளூர்ச் சபை) தனி நிர்வாகம். பேராயரோடு கலந்து குருவானவரை அழைப்பதும் வெஸ்ட்ரி, சம்பளம் கொடுப்பதும் வெஸ்ட்ரி. சிறிய சபைகள் மூன்று சேர்ந்து ஒரு குருவானவரை வைத்துக்கொண்டால், சட்டத்தின் கண்ணில் அவருக்கு மூன்று முதலாளிகள்.

ஆராதனை எட்டு மணிக்கா பத்து மணிக்கா, எந்தப் பாட்டுப்புத்தகம் என்ற தகராறுகளை இங்கே எடுக்கவில்லை. அவை இரண்டு மாதத்தில் தானாக அடங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பங்கு போடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. மூன்று சபை வார்டன்களும் (வெஸ்ட்ரியின் தலைமைப் பொறுப்பாளர்கள்) காலண்டரை விரித்து, முதல் ஞாயிறு உங்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு என்று பிரிப்பார்கள். சம்பளத்தை 50, 30, 20 சதவீதமாக வெட்டுவார்கள். ஒரே பக்கத்தில் ஒப்பந்தம், கைகுலுக்கல், காபி. ஒரு வருடத்துக்குள் குருவானவர் ராஜினாமாக் கடிதம் எழுதுகிறார், மூன்று சபைகளும் மற்ற இரண்டையும் குறை சொல்கின்றன.

20 சதவீதச் சபையின் கணக்கைப் பாருங்கள். வாரம் 40 மணி நேரம் என்றால் அதன் பங்கு 8 மணி. ஞாயிறு ஆராதனை, அதற்கு முன்னும் பின்னும் ஆட்களோடு பேசுவது எல்லாம் சேர்த்து 3 மணி. பிரசங்கத் தயாரிப்பிலும் புல்லட்டினிலும் (ஞாயிறு ஆராதனைத் தாள்) அதன் பங்கு 2. வெஸ்ட்ரி கூட்டம், போன், மின்னஞ்சல் எல்லாவற்றையும் வாரத்துக்குச் சராசரி பார்த்தால் இன்னொரு 2. மிஞ்சுவது ஒரே ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தால் அதுவும் தீர்ந்தது. அந்த வாரம் ஒரு மரணம் நேர்ந்தால், வீட்டாரைச் சந்திப்பது முதல் அடக்க ஆராதனை வரை பத்து மணிக்குக் குறையாது. யாருடைய மணி நேரத்திலிருந்து அதை எடுப்பது? ஒப்பந்தத்தில் பதில் இருக்காது.

சபை சிறியது என்பதால் அதன் நிர்வாகம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்குவதில்லை. அதற்கும் தனி வெஸ்ட்ரி, தனி ஆண்டுக் கூட்டம், தனித் தணிக்கை. மாதம் ஒரு கூட்டம் என்றாலே மூன்று சபைக்கும் வருடத்தில் 36 மாலைகள்.

ஒப்பந்தத்தை மணிக் கணக்கில் எழுதுங்கள். பெரிய வியாழன், பெரிய வெள்ளி, ஈஸ்டர் காலை, கிறிஸ்துமஸ் இரவு ஆகியவை எந்தக் கட்டிடத்தில் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். மூன்று இடத்திலும் ஈஸ்டர் வேண்டும் என்பது நடக்காத காரியம். விடுமுறையில் மாற்றுக் குருவானவருக்கு யார் பணம் கொடுப்பது, மருத்துவக் காப்பீடு யார் தலையில், ஒரு சபை விலகினால் எத்தனை மாத முன்னறிவிப்பு (ஆறுக்குக் குறைய வேண்டாம்) என்பதும் உள்ளே வர வேண்டும். வார்டன்கள், குருவானவர், பேராயர் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். கூட்டுக் குழுவில் கைதூக்கினால் போதாது. ஒவ்வொரு வெஸ்ட்ரியும் தனித்தனியே தீர்மானம் போட்டு மினிட்டில் ஏற்ற வேண்டும்.

பென்ஷன் தனிக் கதை. குருவானவரின் மொத்த ஊதியத்தில் 18 சதவீதத்தைத் திருச்சபையின் ஓய்வூதிய நிதியான சர்ச் பென்ஷன் ஃபண்டுக்குச் சபை கட்ட வேண்டும். சம்பளமும் வீட்டுப்படியும் சேர்ந்து வருடம் 60,000 டாலர் என்று வைத்தால் 10,800. மூன்று சபைக்கும் 5,400, 3,240, 2,160 என்று விழும். பெரிய சபை தன் பங்கை மட்டும் கட்டும். மற்ற இரண்டும் "அவர்கள் கட்டியிருப்பார்கள்" என்று இருக்கும். பாக்கி நோட்டீஸ் வரும்போது பொருளாளரே மாறியிருப்பார். ஒரு சபையே சம்பளமும் பென்ஷனும் முழுதாகக் கட்டட்டும். மற்றவை மாதம் முதல் தேதி தங்கள் பங்கை அதற்கு அனுப்பட்டும். இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

வீட்டுப்படியை ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

பார்க்க முடியாது. இந்த வீட்டுப்படிக்கு (ஹவுசிங் அலவன்ஸ்) வருமான வரி விலக்கு வேண்டுமானால், பணம் கைமாறும் முன்பே வெஸ்ட்ரி தொகையைக் குறித்துத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். முன்தேதியிட்டுப் போடுவது செல்லாது. டிசம்பர் கூட்டத்தில் முடித்துவிடுங்கள். மூன்று சபையும் தனித்தனியே சம்பளம் கொடுத்தால் மூன்று தீர்மானம்.

சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி பிடிப்பது

பிடிக்காதீர்கள். அரசு ஓய்வூதியத்துக்கான அந்த வரிக்கு மட்டும் குருவானவர் சுயதொழில் செய்பவர், அவரே கட்டுவார்.

கைமாறும் பணத்தை வருமானமாக எழுதுவது

சம்பளம் போடும் சபைக்கு மற்ற இரண்டும் வருடம் 30,000 டாலர் அனுப்புகின்றன என்று வைப்போம். புதுப் பொருளாளர் அதை நடப்பு வருமானத்தில் ஏற்றுகிறார். மறைமாவட்டத்துக்குக் கட்டும் பங்குத்தொகை அந்த வருமானத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. விகிதம் இடத்துக்கு இடம் மாறும். 10 சதவீதம் என்றாலும் 3,000 டாலர் வீண். அனுப்பிய சபைகள் அதே பணத்துக்கு ஏற்கெனவே பங்கு கட்டியாயிற்று. வரவு செலவு இரண்டும் சமமாகக் கழியும் தனிக் கணக்கில் வையுங்கள்.

பயணப்படியிலும் இதே கவனம் வேண்டும். ஒரு சபையிலிருந்து அடுத்த சபைக்கு ஓட்டும் மைல் வேலைப் பயணம். வீட்டிலிருந்து சபைக்கு ஓட்டுவது அப்படியல்ல. தேதி, இடம், மைல் எழுதிய கணக்கை 60 நாளுக்குள் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் படியும் சம்பளமாகிவிடும்.

குருவானவர் வராத ஞாயிறு

திருவிருந்து இல்லாவிட்டால் ஆராதனையே இல்லை என்று கதவைப் பூட்டுவது ஒரு தவறு. பேராயரின் லைசென்ஸ் பெற்ற வொர்ஷிப் லீடர் (ஆராதனை நடத்தும் சபையார்) காலை ஜெபம் நடத்தலாம். சொந்தப் பிரசங்கம் செய்ய அவருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். போன வாரம் எடுத்துவைத்த அப்பத்தைச் சபையார் ஒருவர் ஞாயிறு ஆராதனையில் பகிர்வது இதற்கு நேர் எதிரான தவறு. டீக்கன் (குருவானவருக்கு அடுத்த படியில் அபிஷேகம் பெற்ற ஊழியர்) அதைச் செய்யலாம், அதற்கும் பேராயர் அனுமதி தேவை. அப்பத்தை எடுத்துப்போகச் சபையாருக்குக் கொடுக்கும் லைசென்ஸ் நோயாளிகளையும் வர முடியாதவர்களையும் பார்க்கப் போவதற்கு மட்டும்.

உள்ளூர்க்காரருக்குக் குருப்பட்டம் கொடுத்தால் செலவு மிச்சம் என்பது

1970களில் நெவாடா பேராயர் வெஸ்லி ஃப்ரென்ஸ்டார்ஃப் வளர்த்தது இந்த வழி. பிறகு வடக்கு மிச்சிகனும் தீவிரமாகப் பின்பற்றியது. மலிவு விலைக் குருவானவரைத் தேடி அவர்கள் அதைச் செய்யவில்லை. பிரசங்கம், நோயாளி சந்திப்பு, கணக்கு, கற்பித்தல் என்று சபையின் ஊழியம் முழுவதையும் ஒரு குழு ஏற்கும்; குருப்பட்டம் பெற்றவர் அந்தக் குழுவில் ஒருவர். குழு இல்லாமல் ஓய்வுபெற்ற ஒரு நல்ல மனிதரை மட்டும் பிடித்து நிறுத்தினால், சம்பளமில்லாத முழுநேர வேலையைத்தான் அவருக்குக் கொடுக்கிறீர்கள்.

கட்டிடத்தை விற்றுச் சமாளிப்பது

பேராயரும் ஸ்டாண்டிங் கமிட்டியும் (மறைமாவட்டத்தின் நிலைக்குழு) எழுத்தில் சம்மதிக்காமல் விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது.

மார்ச் 1

வருகை, வரவு செலவு எல்லாம் சொல்லும் சபையின் ஆண்டு அறிக்கையான பாரோக்கியல் ரிப்போர்ட் அன்றைக்குப் போயாக வேண்டும். கூட்டு ஆராதனைக்கு 60 பேர் வந்தால் மூன்று சபையும் தலைக்கு 60 என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. யார் எந்தச் சபை என்று அன்றைக்கே பிரித்து ரெஜிஸ்டரில் எழுதிவிடுங்கள்.