கம்பைலர் டெஸ்ட்டை எந்தெந்த வெர்ஷன்களில் ஓட்டுவது?

கிருஷ்ணகிரியில் எங்கள் டீம் சின்னது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்த தம்பி ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். வந்த முதல் வாரமே கேட்டார்: "ஏங்க்கா, சி++ல எத்தனை வெர்ஷன் இருக்கோ அத்தனையிலயும் ராத்திரி ஓட்டிவிட்டா போச்சு. எதுக்கு இதுல தேர்ந்தெடுக்கிறது?" நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. நாங்கள் ஜிசிசி 14 என்ற பொதுவில் கிடைக்கும் கம்பைலரை அடியாக வைத்து, கன்ட்ரோலர் போர்டுகளுக்கான கம்பைலர் (எழுதிய நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது) செய்கிறோம். எங்கள் மெஷினில் ஒரு வெர்ஷனுக்கு முழு டெஸ்ட்டும் ஓட 55 நிமிடம் ஆகிறது. சி++ வெர்ஷன்கள், ஆண்டைக் குறிக்கும் எண்ணால் சொன்னால், 98, 11, 14, 17, 20, 23, 26 என்று ஏழு. அதையே ஐந்து ஆப்டிமைசேஷன் நிலைகளிலும் (நிரலை எவ்வளவு மெருகேற்றுவது என்ற அளவுகள்) ஓட்டினால் 32 மணி நேரம். எங்களுக்குக் கிடைப்பதோ ஒரு ராத்திரி. ஆக, எதை விடுவது என்று யாராவது முடிவு செய்தே ஆக வேண்டும்.

அந்த முடிவை நான் ஒருமுறை தப்பாக எடுத்தேன். "98-இல் இன்னும் யார் எழுதுகிறார்கள்" என்று நினைத்து அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த ரிலீஸில் பார்சரை, அதாவது நிரலின் இலக்கணத்தைப் படிக்கும் பகுதியை, சுத்தம் செய்தபோது எந்த வெர்ஷன் என்று பார்க்கும் ஒரு நிபந்தனை விடுபட்டுப்போனது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்து தருபவர். அவருடைய பழைய கோடில் ஒரு டெம்ப்ளேட்டுக்கு (அளவையோ டைப்பையோ பிறகு நிரப்பிக்கொள்ளும் பொது வார்ப்பு) அளவு கொடுக்கும் இடம் இப்படி இருந்தது:

<6 >> 1>

98-இல் >> என்றால் எப்போதும் ஷிஃப்ட்தான். ஆறை ஒரு பிட் வலப்பக்கம் தள்ளினால் மூன்று, நல்ல நிரல். 11-இல் விதி மாறியது. டெம்ப்ளேட்டுக்குள் டெம்ப்ளேட் எழுதி முடிக்கும்போது இரண்டு > குறிகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டியதில்லை என்று ஆக்கினார்கள். அதனால் முதல் > வந்ததுமே டெம்ப்ளேட் மூடிவிடும், மீதி பிழையாகும். ஷிஃப்ட்தான் வேண்டுமென்றால் (6 >> 1) என்று அடைப்புக்குறி போட வேண்டும். எங்கள் கம்பைலர் 98 முறையிலும் 11-இன் விதியைப் பின்பற்றியது. மாம்பழ சீசன் உச்சத்தில், பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்த வாரத்தில், அவரால் ஒரு சின்னத் திருத்தத்தைக்கூட கம்பைல் செய்ய முடியவில்லை. அந்த இரண்டு நாளை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வெர்ஷன்களை வயதை வைத்துத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டேன். கம்பைலரின் சோர்ஸைத் திறந்து, "11-ஓ அதற்கு மேலோ என்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி" என்று பிரியும் இடங்களைத் தேடிப் பாருங்கள். ஜிசிசியின் சி++ பகுதியில் இதற்கென்றே ஒரு மாறி இருக்கிறது, தேடுவது சுலபம். எந்த எல்லையில் இப்படிப்பட்ட கிளைகள் நிறைய இருக்கின்றனவோ, அதன் இரு பக்கத்திலும் டெஸ்ட் ஓட வேண்டும். கிளை இல்லாத எல்லைக்கு நேரம் செலவழிக்காதீர்கள். 98-ஐயும் 03-ஐயும் ஜிசிசி ஒன்றாகவே நடத்துகிறது. தனியாக ஓட்டுவது வீண். சி மொழியில் 11-க்கும் 17-க்கும் அதே உறவுதான்.

பெரிய எல்லை 98-க்கும் 11-க்கும் நடுவில் இருப்பது. அங்கே பார்சர் மட்டும் மாறவில்லை. டிஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து (ஒரு ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) ஒரு எக்ஸெப்ஷனை, அதாவது பிழை அறிவிப்பை, எறிந்தால், 98-இல் வெளியே இருக்கும் கேட்ச் அதைப் பிடித்துக்கொள்ளும். 11 முதல் டிஸ்ட்ரக்டர்கள் தாமாகவே நோஎக்ஸெப்ட் (எக்ஸெப்ஷனை வெளியே விடாதவை) ஆகிவிடுவதால், அதே நிரல் டெர்மினேட் ஆகி நின்றுவிடும். இரண்டிலும் கம்பைல் ஆகும். ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதனால் கம்பைல் ஆனாலே பாஸ் என்று இந்த வகை டெஸ்ட்டுகளை விட்டுவிடாதீர்கள்.

14 பெரும்பாலும் 11-இன் மேடுபள்ளத்தைச் சமன் செய்தது. 17-இல் ரெஜிஸ்டர் என்ற குறிச்சொல், டிரைகிராஃப் (ஒரு குறியை மூன்று குறிகளால் எழுதுவது), ஃபங்ஷன் எறியக்கூடிய எக்ஸெப்ஷன்களின் பழைய பட்டியல் எல்லாம் போயின. நோஎக்ஸெப்ட் ஃபங்ஷனின் டைப்பிலேயே சேர்ந்தது. 20-இல் == எழுதினால் கம்பைலர் இரண்டு பக்கத்தையும் மாற்றிப்போட்டும் பார்க்கும். நேற்றுவரை தெளிவாக இருந்த ஒப்பீடு இன்று குழப்பம் தரலாம்.

அடுத்து, டீஃபால்ட் வெர்ஷன். யாரும் எதையும் குறிப்பிடாதபோது கம்பைலர் எடுத்துக்கொள்வது இதுதான். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் இதில்தான் இருப்பார்கள். ஜிசிசி 6-இல் இது 98-இலிருந்து 14-க்கும், ஜிசிசி 11-இல் 17-க்கும் மாறியது. அடியிலுள்ள ஜிசிசியை உயர்த்தும்போதெல்லாம் இதைச் சரிபாருங்கள். உங்கள் டெஸ்ட்டுகள் வெர்ஷனைச் சொல்லாமல் இருந்தால், உயர்த்திய அன்றே அவை சத்தமில்லாமல் வேறொரு மொழியைச் சோதிக்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: ஜிஎன்யு முறையும் (ஜிசிசியின் சொந்தச் சேர்க்கைகளோடு) கறார் முறையும் (மொழியின் தரவிதி சொல்வதை மட்டும்). சி மொழியில் ஜிஎன்யு முறையில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைக்க ஜிசிசிக்கு அனுமதி உண்டு. கறார் முறையில் இல்லை. அந்தக் கட்டளை உள்ள சிப்பில் தசம எண்ணின் கடைசி இலக்கம் வேறாக வரலாம். சென்சார் கணக்கு போடும் கோடுக்கு இது முக்கியம். அதற்கென ஒரு சின்னத் தொகுதியை மட்டும் இரண்டு முறையிலும் ஓட்டுகிறோம்.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். தினமும் இரவு 98, 17, 20 மூன்றும் ஆப்டிமைசேஷன் 2-இல். டீஃபால்ட்டான 17 மட்டும் மற்ற நான்கு நிலைகளிலும். 10 மணிக்குத் தொடங்கினால் விடியற்காலை நாலரைக்குள் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை 11, 14, 23, 26. யாராவது வெர்ஷன் கிளையுள்ள இடத்தில் கை வைத்தால், அந்த எல்லையின் இரு பக்கமும் அன்றே ஓட வேண்டும், ராத்திரிக்குக் காத்திருக்கக் கூடாது.

ஒவ்வொரு டெஸ்ட்டின் தலையிலும் "11 முதல்", "14 வரை", "98 மட்டும்" என்று எல்லையை எழுதிவையுங்கள். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பொருந்தாத வெர்ஷனில் டெஸ்ட் தோற்காது. அன்சப்போர்ட்டட் என்று பதிந்துவிட்டுப் போய்விடும். "14 மட்டும்" என்று எழுதிய டெஸ்ட், பட்டியலில் 14 இல்லையென்றால் ஒருநாளும் ஓடாது, அறிக்கையோ பச்சையாகவே இருக்கும். அதனால் திங்கட்கிழமை காலை அந்த வாரத்தின் எல்லா அறிக்கைகளையும் சேர்த்து, எங்குமே பாஸும் ஆகாமல் ஃபெயிலும் ஆகாமல் இருந்த டெஸ்ட்டுகளைப் பிரித்தெடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். போன வாரம் அந்தப் பட்டியலில் மூன்று பெயர்கள் வந்தன. தம்பி அவற்றைத்தான் இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.