யார்ட் மூவ் பட்டன்: புதியவர்கள் விடும் பிழைகள்

ஏ-இசட் (கனரக ட்ரக்) லைசென்ஸ் எடுத்து ஒன்ராறியோவிலிருந்து அமெரிக்காவுக்கு ஓடத் தொடங்கும் நம்முடைய பொடியன்கள் சிலர், தனியாக ஓடுவதற்கு முன் என்னோடு வருவார்கள். லாகின் மறப்பது, டிரெய்லர் நம்பரைப் பிழையாக அடிப்பது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். கிடங்கு, கம்பெனி வளாகம் போன்ற இடத்துக்குள் ட்ரக்கை நகர்த்தும்போது நேரப் பதிவுக் கருவியில் தட்டும் யார்ட் மூவ் மட்டும் சரியாவதில்லை. நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட அதே பிழைகள், அதே சமாதானங்கள்.

ஈஎல்டி, அதாவது ஓட்ட நேரத்தையும் வேலை நேரத்தையும் பதியும் அந்த மின்னணுக் கருவி, எப்படி எழுதுகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். ட்ரக் மணிக்கு 5 மைல் வேகத்துக்கு வந்தாலே அது 'டிரைவிங்' என்று பதியும். நகர்வதற்கு முன்பே யார்ட் மூவ் போட்டிருந்தால் அதே ஓட்டம் 'ஆன் டூட்டி, ஓட்டவில்லை' என்ற வரியில் விழும். 11 மணி நேர ஓட்டக் கணக்கிலிருந்து எதுவும் கழியாது. ஆனால் வேலை தொடங்கியதிலிருந்து எண்ணும் 14 மணி நேரக் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், எட்டு நாளுக்கான 70 மணி நேர வேலைக் கணக்கிலும் சேரும். பொடியன்கள் முதல் பாதியைக் கேட்டவுடன் காதை மூடிக்கொள்கிறார்கள்.

நித்திரையின் நடுவே யார்ட் மூவ்

இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எரிச்சல் தீர்வதில்லை.

பென்சில்வேனியாவில் கார்லைல் பக்கம் ஒரு கிடங்கு. என்னோடு பழகிவிட்டு அப்போதுதான் தனியாக ஓடத் தொடங்கியிருந்த ஒரு பொடியன் இரவு 10 மணிக்கு உள்ளே போய், ஸ்லீப்பர் (ட்ரக்கின் படுக்கையில் ஓய்வு) போட்டுப் படுத்துவிட்டான். காலை எட்டரைக்குத் தொடங்கிய நாள், 14 மணி நேரம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. அதிகாலை 3 மணிக்கு செக்யூரிட்டி கதவைத் தட்டி, டாக் (சரக்கு ஏற்றி இறக்கும் வாசல்) காலியாகிவிட்டது, ட்ரக்கைப் பின்னால் போடு என்றான். இவனும் சமத்தாக யார்ட் மூவ் போட்டு டாக்கில் விட்டு, 3:20க்கு மறுபடி ஸ்லீப்பரில் ஏறிவிட்டான். இதுவரை சட்டத்தில் எந்தக் குற்றமும் இல்லை. 14 மணி நேரம் முடிந்த பிறகு ஓட்டத்தான் தடை, ஆன் டூட்டி வேலை செய்யத் தடை இல்லை.

அப்புறம் மறுபடி ஓடுவதற்கு வேண்டிய 10 மணி நேர ஓய்வு முடிந்துவிட்டது என்று நினைத்து காலை 8:10க்கு வெளிக்கிட்டான். திரையில் மீதி நேரம் பூஜ்யம், சிவப்பு எழுத்து. கருவிக்குத்தான் பைத்தியம் என்று முடிவு செய்து 81ஆம் நெடுஞ்சாலையில் ஏறினான். வழியில் சோதனையில் மாட்டி, 10 மணி நேரம் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். ஸ்கிரான்டனில் 11 மணிக்கு எடுக்க வேண்டிய லோடு வேறு ஆளுக்குப் போய்விட்டது. "அண்ணை, யார்ட் மூவ்தானே போட்டேன்" என்று போனில் அழாத குறை.

யார்ட் மூவ் போட்டதுதான் சிக்கலே. அது ஆன் டூட்டி. ஆன் டூட்டி வந்த நிமிடமே தொடர்ச்சியான 10 மணி நேர ஓய்வு உடைந்துவிடும், இருபது நிமிடமானாலும் இரண்டு நிமிடமானாலும். கனடாவில் 8 மணி நேரம் தொடர்ச்சியாகவும் மீதி 2 மணி நேரத்தைத் துண்டு துண்டாகவும் எடுத்துப் பழகியவர்களுக்கு இது லேசில் உறைக்காது. எல்லை தாண்டினால் அமெரிக்கக் கணக்குத்தான்.

அந்த இரவு அவனிடம் என்ன இருந்தது என்று பாருங்கள். தட்டுவதற்கு முன் 5 மணி நேரம், பிறகு 4 மணி 50 நிமிடம். 2020இல் மாற்றிய விதிப்படி ஓய்வை இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால் ஒரு துண்டு ஸ்லீப்பரில் குறைந்தது 7 மணி நேரமாவது இருக்க வேண்டும், மற்றது குறைந்தது 2 மணி நேரம், இரண்டும் சேர்ந்து குறைந்தது 10. அவனுடைய இரண்டு துண்டும் 7ஐத் தொடவில்லை. 10:20 வரை படுத்திருந்தால் 5ம் 7ம் சேர்ந்திருக்கும், முழு 11 மணி நேர ஓட்டமும் கையில் இருந்திருக்கும். ஸ்கிரான்டனுக்குப் போன் போட்டு மதியத்துக்குத் தள்ளச் சொல்லியிருந்தால் அந்த லோடும் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

தட்டியது 7 மணி நேரத்துக்குப் பிறகென்றால் கவலை குறைவு. 8 மணி நேரம் முடிந்து எழுப்பினால் திரும்பப் போய் இன்னும் 2 மணி நேரம் படுத்தால் போதும். 7 மணி நேரம் ஆவதற்கு முன், ஆனால் குறைந்தது 3 மணி நேரமாவது படுத்த பிறகு எழுப்பினால், திரும்ப ஸ்லீப்பரில் ஏறியதிலிருந்து 7 மணி நேரம் எண்ணுங்கள். அதைவிட நல்லது, படுப்பதற்கு முன்பே கேட்டில் இறங்கி, டாக் எப்போது வரும் என்று கேட்டுவிடுவது.

இங்கே குறுக்கு மூளை ஒன்று வேலை செய்யும்: "பிசி போட்டால் ஆஃப் டூட்டியாகவே இருக்குமே?" பிசி (பர்சனல் கன்வேயன்ஸ்) என்பது ட்ரக்கைச் சொந்தத் தேவைக்கு ஓட்டும்போது போடுவது. டாக்கில் ட்ரக்கைப் போடுவது கம்பெனி வேலை. அமெரிக்க ட்ரக் பாதுகாப்புத் துறையான எஃப்எம்சிஎஸ்ஏவின் 2018 வழிகாட்டுதலில், ஓய்வு நேரத்தில் அரசின் பாதுகாப்பு அதிகாரி கேட்டு ட்ரக்கை நகர்த்தினால் பிசி போடலாம் என்று இருக்கிறது. கிடங்கின் செக்யூரிட்டி அந்த அதிகாரி இல்லை.

எஞ்சினை அணைத்தால்

யார்ட் மூவும் போய்விடும். டாக்கில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் மறுபடி பட்டனைத் தட்ட வேண்டும். பிசியில் இருந்தால் தொடரவா என்று கருவி கேட்கும், யார்ட் மூவில் கேட்காது. தட்ட மறந்து 'டிரைவிங்' விழுந்துவிட்டால், தானாகப் பதிந்த அந்த நேரத்தை நீங்களும் குறைக்க முடியாது, ஆபீசும் குறைக்க முடியாது. நடந்ததைக் குறிப்பாக எழுதிவையுங்கள், அதற்கு மேல் வழியில்லை.

கேட்டைத் தாண்டியும் யார்ட் மூவை அணைக்காமல்

கனடா விதியில் ஓடும்போது 32 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் கருவியே 'டிரைவிங்'குக்கு மாற்றிவிடும். அமெரிக்க விதியில் அப்படி ஒரு வேக வரம்பு இல்லை. சில கம்பெனிகள் தாங்களே வைத்திருக்கும், அதை நம்பி இருக்காதீர்கள். பொதுச் சாலையில் யார்ட் மூவில் ஓடியது தெரிந்தால் அது பொய் லாக் (நேரப் பதிவு). பிசியில் இடத்தைச் சுமார் 10 மைல் சுற்றளவுக்கு மங்கலாக்கிக் காட்டும் கருவி, யார்ட் மூவில் அந்தச் சலுகையைத் தராது.

கிடங்கின் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு ரோட்டைக் கடந்துதான் போக வேண்டும் என்றால்? 2021 ஜனவரியில் எஃப்எம்சிஎஸ்ஏ வெளியிட்ட வரைவில் இதற்குப் பதில் உண்டு. கேட், சிக்னல், கொடிக்காரர் என்று எதையாவது வைத்துப் பொதுமக்கள் வருவதை அந்த நேரத்துக்குத் தடுத்திருந்தால் மட்டும் யார்ட் மூவ். துறைமுகம், இன்டர்மோடல் யார்ட் (ரயிலுக்கும் ட்ரக்குக்கும் இடையே கண்டெய்னர் மாற்றும் இடம்), சொந்தக் கம்பெனி இடம், சரக்கு அனுப்பும் ஷிப்பரின் தனியார் லாட் ஆகியவற்றை அந்த வரைவு ஏற்கிறது.

ரெஸ்ட் ஏரியா

யார்ட் இல்லை.

பட்டனே காணவில்லை

கம்பெனி திறந்துவிடவில்லை. டிஸ்பாச்சைக் கேளுங்கள்.

குறிப்பில் 'யார்ட்' என்று மட்டும்

கருவி குறிப்புக் கேட்கும்போது ஒரே சொல்லை அடித்துவிட்டுப் போகிறார்கள். சோதனை செய்பவருக்கு அதில் என்ன தெரியும்? 'கேட்டிலிருந்து டாக் 14, செக்யூரிட்டி சொன்னபடி' என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது.