ஓரத்தை வெட்டாதீர்கள்: பழைய சட்டையிலிருந்து பிள்ளைகளுக்கு உடை

பழைய சட்டை கையில் கிடைத்ததும் எல்லாத் தையலையும் பிரித்து, துணியை விரித்து, புதுத்துணியைப் போல வெட்ட ஆரம்பிப்பவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. தேர்ந்த கைகள் ஏற்கெனவே முடித்துக்கொடுத்த வேலை அந்தச் சட்டையில் நிறைய இருக்கிறது. கீழ் ஓரம் மடித்துத் தைத்திருக்கிறது. பட்டன் பட்டி வளையாமல் நிற்கிறது. காஜா, அதாவது பட்டன் துளை, எல்லாம் போட்டாகிவிட்டது. பாக்கெட்டின் மூலைகள் கச்சிதமாக இருக்கின்றன. வீட்டில் தைப்பவருக்குக் கஷ்டமான வேலைகள் எவையோ அவையெல்லாம் அங்கே தயாராக உள்ளன. அவற்றை அப்படியே காப்பாற்றி, மீதியில் மட்டும் கத்தரியை வைத்தால் ஒரு மத்தியானத்தில் சின்னப் பிள்ளைக்கு கவுன் தயார்.

எங்கள் வீட்டில் என் கணவரின் சட்டைகள்தான் எனக்குத் துணிக்கடை. எல்லாம் ஒரே மாதிரிதான் தேயும்: காலர் மடியும் கோடு, கஃப் ஓரம், முழங்கை. முதுகுப் பக்கத் துணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பேன்ட் என்றால் உட்காரும் இடம், உள் தொடை, முழங்கால் ஆகியவை போய்விடும்; முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் உறுதியாகவே இருக்கும். வெட்டுவதற்கு முன் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெலிந்த இடம் சல்லடையாகத் தெரியும். சந்தேகமிருந்தால் அந்த இடத்தை இரண்டு கட்டை விரலாலும் பற்றி, குறுக்கே போகும் ஊடை நூல் ஓடும் திசையில் நன்றாக இழுங்கள். நூல் விலகி நின்றுவிட்டால் அந்தப் பகுதியில் எதுவும் தைக்க வேண்டாம். பிள்ளை ஒரு முறை ஓடி விளையாடினாலே கிழியும், அத்தனை உழைப்பும் வீண்.

நல்ல இடம் கிடைத்துவிட்டால், பிள்ளைகளுக்குப் புதுத்துணியைவிட இதுவே மேல் என்று நான் நம்புகிறேன். பல முறை துவைத்த பருத்தி, சுருங்க வேண்டிய அளவு சுருங்கியிருக்கும், போக வேண்டிய சாயம் போயிருக்கும், தோலில் உறுத்தாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இதோடு சேர்த்துத் தைக்கப் புதுத்துணியோ பருத்தி லேஸோ எடுத்தால், அதை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் புதியது சுருங்கும், பழையது சுருங்காது, தையல் முழுக்கச் சுருக்கம் விழும்.

துணி என்ன ரகம் என்று தெரியாவிட்டால், உள் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் கெட்டி என்றால் கலப்பு. இஸ்திரிச் சூட்டை அதற்கேற்ப வைக்க வேண்டும்.

கவுன்

நாலைந்து வயதுப் பெண் பிள்ளைக்குக் கை இல்லாத கவுன் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் சட்டை போதும். பிள்ளைக்குச் சரியாக இருக்கும் கவுன் ஒன்றை எடுத்து நடுவில் இரண்டாக மடித்து, செய்தித்தாளின் மேல் வைத்து வரையுங்கள். தோளுக்கு அரை இஞ்ச், பக்கவாட்டில் முக்கால் இஞ்ச், கழுத்துக்கும் ஆம்ஹோலுக்கும் (கை நுழையும் வளைவு) கால் இஞ்ச் தையலுக்கு விடுங்கள். மாதிரிக் கவுன் இல்லாமல் பிள்ளையையே அளந்தால், மார்புச் சுற்றளவோடு 3 இஞ்ச் வரை கூட்டிக்கொள்ளுங்கள். ஓடவும் குனியவும் அது தேவை.

இனி சட்டை. எல்லாப் பட்டனையும் போட்டு, பட்டியின் நடுக்கோட்டில் நீளவாக்கில் மடித்து, முதுகுப் பக்கத்தையும் சேர்த்து மட்டமாக விரியுங்கள். பேப்பரை மேலிருந்து வைக்காதீர்கள், கீழிருந்து வையுங்கள்: கவுனின் கீழ் ஓரம் சட்டையின் கீழ் ஓரத்தோடு பொருந்தட்டும். அப்படி வைத்தால் தேய்ந்த காலரும் தோளும் தாமாகவே வெளியே போய்விடும். பிறகு பட்டனைப் பாருங்கள். கழுத்துக்கோடு ஒரு பட்டனின் மேலேயே வந்தால் தைக்கவே முடியாது. ரொம்பத் தள்ளி வந்தால் கழுத்து வாய் பிளக்கும். மேல் பட்டனுக்கு முக்கால் இஞ்ச் மேலே கழுத்து வரும்படி பேப்பரை ஏற்றியோ இறக்கியோ வையுங்கள். கவுன் நீளத்தில் ஓர் இஞ்ச் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை, பட்டன்தான் முக்கியம்.

பட்டி முன்னால் வர வேண்டுமா, பின்னால் வர வேண்டுமா? பின்னால் வந்தால் பார்க்க அழகுதான். ஆனால் முன்னால் இருந்தால் பிள்ளை தானே பட்டன் போடக் கற்றுக்கொள்ளும். நான் எப்போதும் முன்னால்தான் வைப்பேன்.

பக்கவாட்டில் முழுதாக வெட்ட வேண்டாம். அக்குளில் தொடங்கி, சரிவாக இறங்கி, கீழ் ஓரத்துக்கு 2 இஞ்ச் மேலே சட்டையின் பழைய பக்கத் தையலோடு கோடு கலந்துவிட வேண்டும். கீழே சட்டையின் முழு அகலமும் கவுனின் விரிவாக மாறும், ஓரத்தைத் தொடவே தேவையில்லை. கழுத்தை முதலில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பின்கழுத்து அளவுக்கு ஆழமில்லாமல் வெட்டுங்கள்; அப்புறம் முன்பக்கத்தை மட்டும் ஆழமாக்குங்கள்.

தைக்கும் வரிசை: தோள், பக்கம், கழுத்து, ஆம்ஹோல். மெல்லிய சட்டைத் துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி, கொஞ்சம் தடிமனுக்கு 14, ஜீன்ஸுக்கு 16. தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர். பக்கத் தையல் பழைய தையலைத் தொடும் இடத்தில் ஓர் இஞ்ச் அதன் மேலேயே ஓட்டி, முன்னும் பின்னும் தைத்து நிறுத்துங்கள். கடைச் சட்டைகளின் பக்கத் தையல் பெரும்பாலும் சங்கிலித் தையல். நடுவில் வெட்டுப்பட்டால் நுனியிலிருந்து அவிழ்ந்துகொண்டே போகும். இந்த ஓர் இஞ்ச் அதைப் பிடித்து நிறுத்திவிடும்.

கழுத்துக்கும் ஆம்ஹோலுக்கும் கிராஸ் பீஸ், அதாவது சாய்வாக வெட்டிய துணிப்பட்டை, வேண்டும். சட்டையின் கைகள் அதற்குத்தான். கையின் உள் தையல் வழியாக வெட்டி விரித்தால் அகலமான துண்டு கிடைக்கும். நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு 45 டிகிரி சாய்வில் ஒன்றேகால் இஞ்ச் அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். நூல் நேராகப் போகும் பட்டை வளைவில் மடங்காது. சாய்வாக வெட்டியது மட்டுமே இழுத்தால் நீண்டு வளைவோடு போகும். நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்து, பட்டையை மட்டும் லேசாக இழுத்தபடி கால் இஞ்சில் தையுங்கள். வளைவில் அரை இஞ்சுக்கு ஒரு கத்தரிக் கீறல், தையலைத் தொடாமல். உள்ளே திருப்பி, ஓரத்தை மடித்து, இன்னொரு தையல். கழுத்தின் இரண்டு நுனியிலும் அரை இஞ்ச் கூடுதலாக விட்டு உள்ளே மடித்தால் பட்டன் பட்டி சுத்தமாக முடியும்.

பாக்கெட் விஷயத்தில் பிள்ளைகளைக் கேளுங்கள். என் தங்கை மகளுக்கு முதலில் மார்பிலேயே விட்டு வைத்தேன். "பெரியம்மா, கையை இங்கே எப்படி விடுறது? கீழே வைங்க" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. சட்டைப் பாக்கெட்டை அப்படியே பிரித்து, பிள்ளையின் கை தொங்கும் உயரத்தில் வைத்தால் அது முழு அளவுப் பாக்கெட். ஆனால் பிரித்த இடத்தைக் கவனியுங்கள்: வெயிலும் சோப்பும் படாததால் அங்கே துணி அடர்ந்த நிறத்தில் சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரம் ஆம்ஹோல் வெட்டில் போய்விட்டால் நல்லது. போகாவிட்டால் கை மிச்சத்திலிருந்து அதைவிடப் பெரிய துண்டு வெட்டி, நிறம் சேர்ந்த நூலில் ஓட்டுத்தையல் போட்டு மூடிவிடுங்கள்.

பிரிக்கும்போது நூலை உருவி இழுக்காதீர்கள், துணி சுருண்டு கிழியும். மெஷின் தையலில் இரண்டு நூல்: மேலே ஊசி நூல், கீழே பாபின் நூல். 1846-இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற மெஷினும் இந்த முறையில்தான் தைத்தது. இரண்டும் துணிக்கு நடுவில் ஒன்றையொன்று கோத்துப் பிடிக்கின்றன. அதனால் ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக நறுக்கினால் போதும். மறுபக்க நூல் முழுசாகக் கையோடு வந்துவிடும். மீதித் துணுக்குகளைத் துடைத்து எடுத்து, ஊசி ஓட்டைகளின் மேல் நகத்தால் இரண்டு திசையிலும் தேய்த்து, ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டால் பருத்தியில் ஓட்டை மூடிக்கொள்ளும்.

வளரும் பிள்ளைக்கு

கவுன் கொஞ்சம் நீளமாக வந்துவிட்டால் வெட்டிவிடாதீர்கள். கீழ் ஓரத்துக்கு மேலே உள்பக்கமாக ஓர் இஞ்ச் மடிப்பு எடுத்து, நீளத் தையலில், 4 மில்லிமீட்டரில், சுற்றிலும் ஓட்டிவிடுங்கள். நீளம் 2 இஞ்ச் குறையும். பிள்ளை வளர்ந்ததும் அவிழ்த்தால் திரும்பக் கிடைக்கும். மடிந்திருந்த இடத்தில் கோடு தெரிந்தால் அதன் மேல் லேஸ் ஓட்டலாம். ஜீன்ஸிலும் இதே வழிதான்: அசல் ஓரத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே மடித்து, ஓரத்தை ஒட்டித் தையுங்கள். கடையிலிருந்து வந்த ஓரம் அப்படியே இருக்கும், நீளம் மட்டும் குறையும்.

காலர் மட்டும் போன சட்டையை வெட்டவே வேண்டாம். காலரும் கழுத்துப் பட்டையும் சேரும் தையலை மட்டும் பிரித்து, இரண்டின் நடுவிலும் நூலால் அடையாளம் வைத்து, காலரைத் தலைகீழாகத் திருப்பி அதே தடத்தில் தைத்தால் தேய்ந்த பக்கம் அடியில் போய்விடும். காலர் நுனியில் பட்டன் போடும் ரகச் சட்டைக்கு இது சரிவராது, காஜா மாறிவிடும்.

ஸ்வெட்டர்

கம்பளிக்கு இன்னும் பொறுமை வேண்டும். பெரிய ஸ்வெட்டரைப் பிரித்துப் புதிதாகப் பின்ன விரும்பினால் முதலில் உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். ஓரம் ஓவர்லாக் (வெட்டிய ஓரத்தை நூலால் சுற்றி அடைக்கும் மெஷின் தையல்) அடித்திருந்தால் விட்டுவிடுங்கள். அது துணிபோல வெட்டித் தைத்தது. ஒவ்வொரு வரியும் தனித்தனித் துண்டாகத்தான் வரும். ஓரம் வெட்டுப்படாமல் கண்ணி வரிசையாக முடிந்திருந்தால் மட்டுமே நூல் நீளமாகக் கிடைக்கும். பின்னலை ஆரம்பித்த முனையிலிருந்து பிரிக்க முடியாது, முடித்த முனையிலிருந்துதான் அவிழும். பிரித்த நூல் நெளிநெளியாக வரும். நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழியாமல் ஒற்றித் தொங்கவிட்டால் நேராகிவிடும். வெந்நீர் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். சூடும் உரசலும் சேர்ந்தால் கம்பளி இறுகிக் கெட்டியாகிவிடும்.

ஆனால் முழுசாகப் பிரிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. பிள்ளைக்கு உடம்பு சரியாக இருக்கும், கை மட்டும் குட்டையாகிவிடும். கையை மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கிப் பின்னியிருந்தால், ரிப் (மணிக்கட்டில் இழுபடும் வரிவரியான பின்னல்) முடியும் இடத்துக்கு மேல் வரியில் ஒரே ஒரு கண்ணியை வெட்டி, அந்த நூலைப் பின்னல் ஊசியின் நுனியால் கண்ணி கண்ணியாக உருவுங்கள். வரி முழுக்க வெளியே வந்ததும் ரிப் தனியே கழன்றுவிடும், மேலே திறந்த கண்ணிகள் நிற்கும். அவற்றை ஊசியில் ஏற்றிக் கீழ்நோக்கித் தேவையான நீளம் பின்னுங்கள். சாதாரணப் பின்னலில் சேர்ந்த இடம் தெரியாது. அதே நிறம் கிடைக்காவிட்டால் பொருத்தம் தேடி அலையாமல், வேறு நிறத்தில் பட்டையாகவே பின்னுங்கள். இரண்டு கையிலும் ஒரே வரியில் ஆரம்பித்தால் போதும். கடைசியில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப். முடிக்கும் வரியை மட்டும் ஒரு நம்பர் பெரிய ஊசியில் தளர்வாக முடியுங்கள். அது இறுகினால் பிள்ளையின் கை உள்ளே நுழையாது.